எட்டு விநாடி

வாலிபால் ஸ்கோர் ஷீட்டில் பந்தை அடித்தவர் யார் என்று இருக்காது. சொன்னால் யாரும் நம்புவதில்லை. கிரிக்கெட் புத்தகத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு யார் எத்தனை அடித்தார், யார் பந்தில் யார் அவுட் என்று எல்லாம் வேண்டும். எங்கள் தாளில் அதற்கு இடமே கிடையாது. யார் சர்வீஸ் போட்டார், எந்தப் புள்ளியில் அந்த சர்வீஸ் கைமாறியது, யாருக்குப் பதில் யார் இறங்கினார், எப்போது டைம் அவுட், யாருக்கு என்ன கார்டு. இவ்வளவுதான். மூன்று மீட்டர் கோட்டுக்குப் பின்னாலிருந்து எம்பி ஒருத்தி அடித்த அடிக்கு அரங்கமே எழுந்து நின்றாலும், நான் ஒரு எண்ணின் மேல் சாய்வாக ஒரு கோடு இழுப்பேன். எதிரணிப் பெண் நிலைதடுமாறி வலையில் விழுந்தாலும் அதே கோடுதான்.

2018இல் ஜப்பானின் யோக்கோஹாமாவில் பெண்கள் உலக சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம். இத்தாலியின் பாவ்லா எகோனு ஒருத்தியே 33 புள்ளிகள் எடுத்தார். அது புள்ளிவிவரக்காரர்கள் வேறொரு மேசையில் உட்கார்ந்து எடுத்த கணக்கு. ஸ்கோரரின் தாளில் செர்பியா ஐந்தாவது செட்டை 15-12 என்று ஜெயித்தது மட்டும் இருக்கும். எகோனு எத்தனை முறை சர்வீஸ் கோட்டுக்குப் போனார் என்பதும் இருக்கும். அந்த 33 இருக்காது.

அரசு மேல்நிலைப் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்துகொண்டே இருபது வருஷத்துக்கு மேல் ஸ்கோரர் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். விளையாடத்தான் ஆசைப்பட்டேன். பெண்கள் ஆட்டத்தில் வலையின் உயரம் 2.24 மீட்டர். என் உயரம் 1.53. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

விருதுநகர் பக்கம் எங்கள் ஊரில் பங்குனிப் பொங்கலை ஒட்டி மின்னொளி வாலிபால் போட்டி நடக்கும். தாய்மாமாதான் அதை நடத்துவார். சுண்ணாம்புக் கோடு, நான்கு மூலையிலும் கம்பம் நட்டுக் கட்டிய டியூப் லைட், சுழற்கோப்பை. பன்னிரண்டு வயதில் என்னைக் கரும்பலகை முன்னால் நிறுத்தினார். "அங்கன போய் நின்னு எழுதுத்தா. யாரு கேட்டாலும் அழிக்காத" என்றார். வேறு எந்தப் பயிற்சியும் இல்லை.

அப்போது பழைய முறை. சர்வீஸ் போடும் அணிக்கு மட்டும்தான் புள்ளி. எதிரணி ஜெயித்தால் 'சர்வீஸ் சேஞ்ச்', அவ்வளவுதான். பலகையில் ஒன்றும் மாறாது. சமபலமுள்ள இரண்டு அணிகள் மோதினால் கால் மணி நேரம் 4-4 என்றே நிற்கும். குளிர்பான வண்டிக்காரர் வந்து, "என்ன பாப்பா, தூங்கிட்டியா? ஸ்கோரே ஏற மாட்டேங்குது" என்பார். ஏறாத ஸ்கோரைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும் என்று அப்போதே தெரிந்துகொண்டேன். யார் சர்வீஸ், அடுத்து யார் சர்வீஸ் என்பது மட்டும்தான் மாறிக்கொண்டே இருக்கும். பலகையின் ஓரத்தில் அதைச் சின்னதாகக் குறித்து வைப்பேன். மாமா அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வருஷமும் என்னையே நிறுத்தினார்.

பிறகு சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி. வாலிபாலே ஒய்.எம்.சி.ஏ. பெற்ற பிள்ளைதான். 1895இல் அமெரிக்காவின் ஹோலியோக்கில், ஒய்.எம்.சி.ஏ.வில் வேலை பார்த்த வில்லியம் மார்கன் உண்டாக்கியது. நான் அங்கே படித்து முடித்த காலத்தில் சட்டமே தலைகீழானது. யார் சர்வீஸ் போட்டாலும் ஒவ்வொரு ராலிக்கும் ஒரு புள்ளி, செட்டுக்கு 25, ஐந்தாவது செட்டுக்கு 15. 2000 சிட்னி ஒலிம்பிக்கில்தான் அந்த முறை முதன்முதலாக ஒலிம்பிக்குக்கு வந்தது. வேறு நிறத்தில் சட்டை போட்டுப் பின்வரிசையில் மட்டும் ஆடும் தற்காப்புக்காரரான லிபரோவும் அங்கேதான் ஒலிம்பிக்கில் முதலில் இறங்கினார். பழைய ஆட்கள் புலம்பினார்கள். எனக்கு வேலை கூடியது, அவ்வளவுதான்.

வேலை என்னவென்று கொஞ்சம் சொல்ல வேண்டும். கோர்ட்டில் ஆறு பேர். பின்வரிசை வலது மூலை ஒன்றாம் இடம். அங்கிருப்பவர்தான் சர்வீஸ் போட வேண்டும். எதிரணியிடமிருந்து சர்வீஸைப் பிடுங்கியதும் ஆறு பேரும் கடிகார முள் போகும் திசையில் ஓர் இடம் நகர வேண்டும். ஒவ்வொரு செட்டுக்கும் முன்பு பயிற்சியாளர் ஒரு சின்னச் சீட்டில் ஆறு எண்களை எழுதித் தருவார். எதிரணிக்கு அது தெரியக்கூடாது. நான் அதைத் தாளில் ரோமன் எண்களுக்குக் கீழே ஏற்றிவிட்டுக் கவிழ்த்து வைப்பேன். அதோடு அந்த அணியின் வரிசை என் கைக்கு வந்துவிட்டது. ஒவ்வொருவருக்கும் கீழே கட்டங்கள். சர்வீஸ் வந்தால் கட்டத்தில் ஒரு டிக். சர்வீஸ் போனால் அப்போதைய புள்ளியை அதே கட்டத்தில் எழுத வேண்டும். முதலில் சர்வீஸ் வாங்கும் அணியின் ஒன்றாம் இடத்துக்காரருக்கு முதல் கட்டத்தில் பெருக்கல் குறி; ஏனென்றால் சர்வீஸ் கைக்கு வந்ததும் அவர் நகர்ந்துவிடுவார், அடுத்தவர்தான் போடுவார். புதிதாக வருகிறவர்கள் முதலில் தவறவிடுவது இந்தப் பெருக்கல் குறியைத்தான். அது தவறினால் செட் முழுக்கத் தவறு.

லிபரோ உள்ளே போவதும் வருவதும் என் தாளில் வராது. அதற்குப் பக்கத்தில் உதவி ஸ்கோரர், தனித் தாளோடு. அவருக்கும் எனக்கும் பேச நேரமிருக்காது. நல்ல ஜோடி அமைந்தால் முழங்கையால் இடித்தே பேசிக்கொள்வோம்.

என் தவறையும் சொல்லிவிடுகிறேன். வேலையில் சேர்ந்து நான்காவது வருஷம், ஒரு மாநில அளவிலான போட்டி. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்றாவது ஆட்டம். ஒரு டிக்கைப் பக்கத்துக் கட்டத்தில் போட்டுவிட்டேன். அதே நேரம் அந்த அணியும் வரிசை மாறி நின்றிருக்கிறது. இரண்டு தவறும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டன. தவறான பெண் நான்கு சர்வீஸ் போட்டு நான்கு புள்ளி எடுத்த பிறகு எதிரணித் தலைவி நடுவரிடம் போய் இடங்களைச் சரிபார்க்கச் சொன்னாள். சட்டம் என்ன சொல்கிறது? தவறு எந்தக் கணத்தில் தொடங்கியது என்று ஸ்கோரர் காட்டினால், அதிலிருந்து தவறு செய்த அணி எடுத்த புள்ளிகள் ரத்து. காட்ட முடியாவிட்டால் எதிரணிக்கு ஒரு புள்ளியும் சர்வீஸும். மற்றவை அப்படியே நிற்கும். என்னால் காட்ட முடியவில்லை. நான்கு புள்ளியும் நின்றன. எதிரணி அந்த செட்டை இரண்டு புள்ளியில் தோற்றது.

அவர்களுடைய பயிற்சியாளர் வயதானவர். திட்டுவார் என்று காத்திருந்தேன். மேசைக்கு வந்து தாளை எட்டிப் பார்த்தார். "சாப்பாடு எப்படிம்மா இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து ஆட்டம் இருக்கிற நாளில் மத்தியானம் நான் சாப்பிடுவதில்லை. இரண்டு வாழைப்பழம், தண்ணீர்.

2016 பிப்ரவரியில் குவாஹாட்டி. பன்னிரண்டாவது தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள். எட்டு நாடுகள், குவாஹாட்டியிலும் ஷில்லாங்கிலும் நடந்தன. பள்ளியில் ஆன் டியூட்டி கேட்டு நின்றபோது தலைமையாசிரியர், "நீங்க விளையாடப் போறீங்களா டீச்சர்?" என்றார். "இல்ல சார், எழுதப் போறேன்" என்றேன். "அசாமுக்கா?" என்று கேட்டபடி கையெழுத்துப் போட்டார்.

சென்னையிலிருந்து இரண்டு நாளுக்கும் மேலாக ரயில். இறங்கியதும் கழுத்தில் சிவப்புக் கரை போட்ட வெள்ளைத் துண்டைப் போட்டார்கள், கமோசா. பிறகு ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு. அவர்கள் பாக்கை 'தாமூல்' என்கிறார்கள். நம் தாம்பூலம் அவ்வளவு தூரம் போய் உட்கார்ந்திருந்தது. திரும்பின பக்கமெல்லாம் போட்டியின் சின்னமான 'திக்கோர்', காண்டாமிருகக் குட்டி. காலையில் அரங்குக்குள் விரல் விறைக்கிற குளிர். பேனா மை முதல் வரியில் இறங்காது. வாயில் வைத்து ஊதிவிட்டு எழுத வேண்டும். எங்கள் ஊர் வெயிலில் பேனா கசியும், இங்கே இப்படி.

அங்கேதான் இலங்கை அணியோடு வந்திருந்த, தமிழ் பேசும் ஒரு பெண்ணைப் பார்த்தேன். தேநீர் வரிசையில் என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, "அக்கா தமிழ்நாடோ?" என்றாள். நான் கைப்பந்து என்று ஏதோ சொல்லப் போக, அவளுக்குப் புரியவில்லை. "ஓ, கரப்பந்தாட்டம் எண்டு சொல்லுங்கோவன்" என்று சிரித்தாள். நியாயம் அவள் பக்கம்தான். நம் செய்தித்தாள்கள் கைப்பந்து என்று வாலிபாலையும் சொல்கின்றன, ஹேண்ட்பாலையும் சொல்கின்றன. "எங்கட நாட்டின்ர தேசிய விளையாட்டே இதுதான் அக்கா" என்றாள். உண்மை. 1991இல் இலங்கை வாலிபாலைத் தேசிய விளையாட்டாக அறிவித்தது. 2017இல் நேபாளமும் அப்படியே செய்தது. நம்மிடம் கேரளமும் ரயில்வேயும்தான் பல காலமாகப் பெண்கள் ஆட்டத்தைத் தாங்கிப் பிடித்திருக்கின்றன. தமிழ்நாட்டில் ஊருக்கு ஒரு வாலிபால் மைதானம் இருக்கிறது. அதில் பெண்கள் ஆடுகிற மைதானங்களை எண்ணிச் சொல்லிவிடலாம்.

அந்தப் போட்டியில் ஒரு லீக் ஆட்டம். எந்த இரண்டு அணிகள் என்று சொல்ல மாட்டேன். இன்றைக்கும் ஆடிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் இருக்கலாம். மூன்றாவது செட். நீலச் சட்டைக்காரர்கள் 21, எதிரணி 22, சர்வீஸும் எதிரணியிடம். நீல அணி டைம் அவுட் கேட்டது. முப்பது விநாடி முடிந்து வந்து, நீண்ட ராலி ஒன்றை அவர்கள் ஜெயித்தார்கள். 22-22. சர்வீஸ் கைக்கு வந்துவிட்டது. ஆறு பேரும் நடுவில் கூடிக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கலைந்தபோது நகர மறந்துவிட்டார்கள்.

என் தாளில் அடுத்த சர்வீஸ் 4ஆம் எண். பந்தை வாங்கிக்கொண்டு பின்கோட்டுக்குப் போனவள் 11. போன சுற்றில் போட்டவளே அவள்தான். அவளுடைய கட்டத்தில் எண் எழுதி மூடியாகிவிட்டது. 4ஆம் எண்காரி வலையோரம் நின்று, முதுகுக்குப் பின்னால் விரலை மடக்கி யாருக்கோ சைகை காட்டிக்கொண்டிருந்தாள்.

வேறு யாரும் பார்க்கவில்லை. இரண்டாம் நடுவர் அந்த நேரத்தில் சர்வீஸ் வாங்கும் அணியின் பக்கம்தான் நின்று அவர்களுடைய இடங்களைப் பார்ப்பார். முதல் நடுவர் நாற்காலியின் மேலே. எதிரணி பந்தை எதிர்பார்த்துக் குனிந்திருந்தது. அந்தத் தவறு அரங்கில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் நான் வாய் திறக்கக் கூடாது. சட்டம் தெளிவு: சர்வீஸ் வரிசைத் தவறை, பந்தை அடித்த உடனே ஸ்கோரர் நடுவருக்குக் காட்ட வேண்டும். அடிப்பதற்கு முன்பு சொன்னால் அது ஓர் அணிக்குச் செய்த உதவி. அடித்த பிறகு தாமதித்தால் அதுவும் உதவிதான், மற்றவர்களுக்கு இழைத்த அநியாயம்.

முதல் நடுவர் விசில் ஊதினார். விசிலுக்குப் பிறகு சர்வீஸ் போட எட்டு விநாடி உண்டு. சில பெண்கள் வாங்கிய வேகத்தில் அடித்துவிடுவார்கள். இவள் பந்தை இரண்டு முறை தரையில் தட்டினாள். உள்ளங்கையில் வைத்துச் சுழற்றி, காற்றுத் துளை எங்கே என்று பார்த்தாள். பள்ளி மைதானமாக இருந்தால், "நீ இல்லடி, அவ!" என்று கத்தியிருப்பேன். நாற்பது பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பழகிய வாய் இது. கட்டைவிரல் பஸ்ஸரின் மேல் இருந்தது. பக்கத்தில் உதவி ஸ்கோரரும் தாளை எட்டிப் பார்த்துவிட்டு முழங்கையால் இடித்தார். நான் திரும்பவில்லை. அந்தப் பெண் தலையை உயர்த்தி நேராக எதிர்க் கோர்ட்டைப் பார்த்தாள். மேசை அவளுக்குப் பக்கவாட்டில்தான் இருந்தது. ஒரு தடவை இந்தப் பக்கம் பார்த்திருந்தால் என் முகத்திலேயே தெரிந்திருக்கும். அதனால் நான் தாளைப் பார்த்துக்கொண்டேன்.

கை பந்தில் பட்ட சத்தம் கேட்டது. அழுத்தினேன்.

இரண்டாம் நடுவர் வந்தார். தாளைக் காட்டினேன், 11இன் கட்டம் மூடியிருப்பதையும் 4இன் கட்டம் காத்திருப்பதையும். முதல் சர்வீஸிலேயே பிடித்துவிட்டதால் ரத்து செய்யப் புள்ளி எதுவும் இல்லை. எதிரணிக்கு ஒரு புள்ளியும் சர்வீஸும். 23-22. நீல அணி அந்த செட்டை 25-23 என்று இழந்தது, பிறகு ஆட்டத்தையும்.

ஆட்டம் முடிந்ததும் தலைவிகள் இருவரும் மேசைக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும். அவர்களுக்குப் பிறகு உதவி ஸ்கோரர், நான், இரண்டாம் நடுவர், கடைசியாக முதல் நடுவர். நீல அணித் தலைவி வந்தாள். கண் சிவந்திருந்தது. "முன்பே பார்த்துவிட்டீர்கள், இல்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். "ஆமாம்" என்றேன். வேறு என்ன சொல்வது? பேனாவை வாங்கினாள். அவள் அழுத்தி எழுதியதில் கடைசி நகல் வரைக்கும் கையெழுத்துத் தெளிவாக இறங்கியிருந்தது. அத்தனை வருஷத்தில் அவ்வளவு அழுத்தமான கையெழுத்தை என் தாள் பார்த்ததில்லை.

அன்று இரவு விடுதியில் எனக்குத் தூக்கம் வரவில்லை. குற்ற உணர்ச்சி என்று சொல்ல மாட்டேன். நான் சரியாகத்தான் செய்தேன், இன்றைக்கும் அப்படியே செய்வேன். ஆனால் ஒரு பெண் தப்பான இடத்தில் நிற்பதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருப்பது ஆசிரியை வேலைக்கு நேர் எதிரான வேலை. பள்ளியில் தவறு நடக்கும் முன்பே தடுத்தால் சம்பளம். இங்கே நடக்கும்வரை காத்திருந்தால்தான் படி.

இறுதி ஆட்டத்துக்கு என்னை மேசையில் போடவில்லை. பார்வையாளர் வரிசையில் இருந்தேன். இந்தியப் பெண்கள் இலங்கையை வென்று தங்கம் எடுத்தார்கள். தேநீர் வரிசைப் பெண் தூரத்திலிருந்து கையைத் தூக்கிக் காட்டினாள். வெள்ளி கிடைத்தவர்கள் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. மூன்று வருஷம் கழித்து, 2019இல், காட்மாண்டுவில் அதே தங்கத்துக்கு இந்தியா நேபாளத்தோடு ஐந்து செட் ஆட வேண்டியிருந்தது. ஜெயித்தோம், ஆனால் நமக்கும் மற்ற அணிகளுக்கும் இருந்த இடைவெளி குறைந்துவிட்டது.

மேசைக்காரர்கள் கூடினால் 1964 டோக்கியோ கதை வராமல் இருக்காது. ஒலிம்பிக்கில் வாலிபால் முதன்முதலாக நுழைந்த வருஷம். பெண்கள் பிரிவில் கடைசி ஆட்டம் ஜப்பானும் சோவியத் யூனியனும். ஜப்பான் அணியில் பெரும்பாலோர் கைசுக்காவில் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்த பெண்கள். பயிற்சியாளர் தைமட்சு, ஆலை வேலை முடிந்த பிறகு நடுநிசி தாண்டியும் பயிற்சி கொடுத்தவர். தரையில் உருண்டு பந்தை எடுத்து உருண்டே எழும் முறையை அவர்கள்தான் உலகத்துக்குக் காட்டினார்கள். 15-11, 15-8, 15-13 என்று மூன்று செட்டில் முடிந்தது. ஜப்பானில் மூன்றில் இரண்டு பங்குத் தொலைக்காட்சிகள் அதைத்தான் காட்டிக்கொண்டிருந்தன. அவ்வளவு பேர் பார்த்த அந்தக் கடைசிப் புள்ளி ஸ்மாஷில் வரவில்லை. சோவியத் வீராங்கனையின் கை வலைக்கு மேலே அந்தப் பக்கம் போய்விட்டது என்று நடுவர் விசில் ஊதினார், முடிந்தது. கோடு இழுத்தவருக்கு அதுவும் மற்றதைப் போல ஒரு கோடுதான்.

இப்போது பெரிய போட்டிகளில் தாள் போய் டேப்லெட் வந்துவிட்டது. கூட்டல் தவறாது, கையெழுத்தையும் விரலால் போடுகிறார்கள். நல்லதுதான், நான் தாளுக்காக அழுகிற ஆள் இல்லை. ஆனால் சிறுபிள்ளைகளுக்குத் தாளில்தான் சொல்லித் தருகிறேன். பெருக்கல் குறியைக் கையால் போட்டால்தான் ஏன் போடுகிறோம் என்று புரியும்.

போன வருஷம், 2025 செப்டம்பர் 7, பாங்காக்கில் பெண்கள் உலக சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம். முதன்முறையாக 32 நாடுகள் ஆடிய போட்டி. இத்தாலியும் துருக்கியும். வீட்டு மேசையில் வெற்றுத் தாள் ஒன்றை விரித்துக்கொண்டு போனில் பார்த்தேன். 25-23, 13-25, 26-24, 19-25, 15-8. இத்தாலி. ஒரு செட்டில் என் மகள் வந்து காப்பி வேண்டுமா என்று கேட்டதில் ஒரு சர்வீஸ் விட்டுப்போயிற்று. அந்தக் கட்டம் காலியாகவே இருக்கிறது. பிறகு பார்த்து நிரப்ப மனசில்லை.

உங்கள் ஊரிலும் மின்னொளிப் போட்டி நடக்கும். மேசையில் ஒருவர் குனிந்தபடி உட்கார்ந்திருப்பார். ராலி ஓடும்போது அவர் தோளைத் தட்டி ஸ்கோர் கேட்காதீர்கள். செட் முடியட்டும், கேளுங்கள், சொல்வார்.